கடலுக்குக் கொடுத்த வாட்டம்

அண்ணாச்சி, காலக் கொஞ்சம் அங்கிட்டு நகத்துங்க. பைய மிதிச்சிறாதீய. அந்த மஞ்சப் பை இல்ல, அது சீரு. பட்டுப்பாவாட, தேங்கா, பழம், ஒரு சோடி கம்மலு. அத மிதிச்சா ஒரு பழம் நசுங்கும், அவ்வளவுதான். நான் சொல்லுதது இந்தச் சாக்குப் பைய. உள்ள ஒரு சாமான் இருக்கு. என்ன சாமான்னு பொறவு சொல்லுதேன்.

குரும்பூருக்கா போறீய? சரியாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே கோயில் விலக்குல எறங்கிருவேன். எந்தங்கச்சி மவளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. தாய்மாமன் நாந்தான். எம்மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். வேற மடி கெடயாது. எங்கம்மா ரெண்டே பேரத்தான் பெத்தா, ஒண்ணு நானு, இன்னொண்ணு அவ.

எம்பேரு ஐகோர்ட்துரை. சிரிக்காதீய, எங்க பக்கத்துச் சாமி பேரு அது. பேருதான் ஐகோர்ட்டு. பள்ளிக்கூடத்துல மூணாங்கிளாசுலயே தீர்ப்பச் சொல்லி வெளிய அனுப்பிட்டாவ. தூத்துக்குடியில பைப்பு ஐகோர்ட்டுன்னு கேட்டாத் தெரியும். அங்க பாதி வீட்டுல தண்ணி வாறது என்னால, மீதி வீட்டுல தண்ணி ஒழுகுறது மத்த பிளம்பருங்களால.

அழைச்சாவளான்னு கேக்கீய. பாத்தீயளா, மெயின் பைப்புலயே கைய வச்சிட்டீய.

மொறையா என்ன செய்யணும்? புருசனும் பொண்டாட்டியும் தாம்பாளத்துல வெத்தல பாக்கு வச்சு, தாய்மாமன் வீட்டுக்கு நேருல வந்து, 'வந்து மடி குடுங்க'ன்னு கூப்புடணும். வரல. நான் ஒரு வாரமா வீட்டுக்குள்ளயே சட்ட போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன், வாறவிய வெறும் ஒடம்போட பாக்கக் கூடாதேன்னு. வேர்த்ததுதான் மிச்சம். புதங்கெழம மத்தியானம் தங்கச்சி புருசன், அதான் எம்மாப்ள, அவன் நம்பர்ல இருந்து ஒரு மிஸ்டு கால். அடிச்சுது, நான் கைய தொடச்சிட்டு எடுக்கப் போறதுக்குள்ள நின்னு போச்சு. நீங்க படிச்சவியளா இருக்கீய, சொல்லுங்க: மிஸ்டு கால் அழைப்புல சேருமா, சேராதா? எம்பொண்டாட்டி சேராதுங்கா. அதான் அவ வரல. எனக்கென்னமோ சேரும்னு படுது. ஒரு மனுசன் சும்மாவா போன எடுத்து நம்பரத் தேடுவான்?

என்ன கோவம்னு கேளுங்க. ஒரு கக்கூஸ் குழாய். வீட்டுக் கக்கூஸ்னாலும் பரவால்ல. படகுல உள்ளது.

கேப்டன் மோத்தான்னு ஒருத்தரு. ஆயுசு பூரா கப்பல்ல கெடந்துட்டு ரிட்டயராகி வந்தவரு. அப்படி ஒரு மனுசன் கரைக்கு வந்தா என்ன செய்யணும்? தரையில கால ஊணி நிக்கணும். வாழ மரம் வைக்கணும். இவரு என்ன செஞ்சாரு, ஒரு பாய்மரப் படகு வாங்கிட்டாரு. நம்மூரு தோணின்னு நெனச்சிறாதீய. வெள்ளக்காரன் வச்சிருந்து, சலிச்சுப் போய் வித்தது. உள்ள கட்டிலு, அடுப்பு, சிங்க்கு, ஷவரு, கக்கூஸு எல்லாம் உண்டு. எல்லாமே பொம்ம வீட்டுல உள்ளது மாதிரி. சிங்க்குல ஒரு தட்டு கழுவலாம், ரெண்டாவது தட்டுக்கு டோக்கன் போடணும்.

அந்தப் படகு நாறுது.

சும்மா நாத்தமில்ல அண்ணாச்சி. படியில கால வச்சா, நாத்தம் வந்து 'வாங்க'ன்னு கையப் புடிச்சி உள்ள கூட்டிட்டுப் போவும். கேப்டன் சம்சாரம், டீச்சரம்மா, மூக்கப் பொத்திக்கிட்டு சொல்லிட்டாவ: "இந்த நாத்தம் போற வரைக்கும் நான் ஏற மாட்டேன். நீங்க மட்டும் போங்க." கேப்டன் என்ன சொன்னாருங்கீய? "அது கடல் வாசம்." கடல் வாசமாம்! கடல் என்ன சாக்கடையிலயா பொறந்துச்சு?

சரி, அவியளுக்குள்ள உள்ள சண்ட நமக்கெதுக்கு. ஆனா அதுல எங்க சொந்தமும் மாட்டிக்கிட்டு. அந்தப் படகப் பாத்துக்கிட தற்காலிகமா வேலைக்கு நின்னவன் எந்தங்கச்சி புருசன் தங்கபெருமாள். கழுவுவான், கயித்தக் கட்டுவான், பாய மடிப்பான். கேப்டன் சொல்லிருந்தாரு: டீச்சரம்மா ஏறிட்டா ரெண்டு பேரும் கொச்சி வரைக்கும் படகுலயே போறது, மாப்ளயையும் கூட்டிட்டுப் போறது, அதுக்கப்புறம் அவனுக்கு நெரந்தர வேல. ஏறலன்னா படக வித்துப்புடுவாரு. அப்போ மாப்ள பழையபடி ஐஸ் பேக்டரியில ஐஸ் கட்டி தூக்கணும்.

எந்தங்கச்சி பேரு சுயம்புகனி. அவ என் வீட்டுக்கே வந்து நின்னா. "அண்ணே, ஊரு நாத்தத்தயெல்லாம் நீ எடுக்க. எம்புருசன் பொழப்புல அடிக்கிற நாத்தத்த எடுத்துக் குடு. இந்த வேல நெலச்சாத்தான் எனக்கு நிம்மதி." இடுப்புல அந்தச் சின்னது. பேரு தன்ஷிகாவாம். கூப்புட்டா நாக்கு சுளுக்குது. நான் 'ஏட்டி சுண்டக்கா'ன்னுதான் கூப்புடுவேன், ஓடி வந்து எம்பாக்கெட்டுல கைய விடும். சிங்க்குக்கு வாங்கி வச்சிருக்க வாஷர வாயில போட்டுரும்.

தங்கச்சி கேட்டுட்டாளே. போனேன்.

மாப்ள வரவேற்ற லட்சணத்தக் கேளுங்க. "மச்சான், செருப்பக் கழத்திட்டு ஏறுங்க." கக்கூஸ் அடைப்பு எடுக்க வந்தவன செருப்பக் கழத்தச் சொன்ன மொத எடம் அதுதான். கோயிலுக்கே நான் பாதி தூரம் செருப்போடதான் போவேன். சரின்னு கழத்துனேன். உள்ள எறங்கினா நிமிர முடியல. வெள்ளக்காரன் நெட்டையாத்தான இருப்பான், அவன் எப்படி உள்ள நின்னான்னு கேட்டேன். "நிக்க மாட்டாவ மச்சான், உக்காந்துருப்பாவ"ங்கான். கக்கூஸப் பாத்தேன். அலமாரிக்குள்ள இருக்கு. உக்காந்தா முட்டு வந்து மோவாயில இடிக்கும். முடிச்ச பொறவு பக்கத்துல இருக்க கைப் பம்ப அடிக்கணும். நம்ம தெருவுல அடிபம்பு அடிச்சோம்லா, அதே மாதிரி. அதுல தண்ணி வரும், இதுல எல்லாம் கடலுக்குப் போவும். கேப்டன் எவ்வளவு பெரிய உத்தியோகம் பாத்த மனுசன். காலங்காத்தால பம்பு அடிச்சிட்டு இருக்காரு.

பின்னாடி பலகையக் கழத்துனேன். கழத்தி, குழாயப் பாத்தேன் பாருங்க. எனக்கு சிரிப்பு வந்துட்டு.

அண்ணாச்சி, வாட்டம்னா ஒங்களுக்குத் தெரியும்லா? தண்ணி தானா ஓடுததுக்குக் குடுக்கிற சரிவு. தரை போட்டாலும் வாட்டம், மாடி போட்டாலும் வாட்டம், குழாய் போட்டாலும் வாட்டம். என் தொழிலே அந்த ஒரு சொல்லுலதான் நிக்கி. இந்தக் குழாய் என்ன செய்யுதுங்கீய? கக்கூஸ்ல இருந்து கெளம்பி, எம்மாரு ஒசரத்துக்கு மேல ஏறி, அங்கன ஒரு கொண்ட மாதிரி வளஞ்சு, மறுபடி கீழ எறங்கி, படகு அடியில உள்ள ஓட்டைக்குப் போவுது. அந்த வளைவு உச்சியில ஒரு பித்தள மூடி வேற, கோபுரத்துக்குக் கலசம் வச்ச மாதிரி. ஓட்ட இருக்கது கக்கூஸுக்குக் கீழ, பக்கத்துலயே. பக்கத்து வீட்டுக்குப் போறதுக்கு திருச்செந்தூர் போயிட்டு வாறான்.

"மாப்ள, இத எந்த கோட்டிக்காரன் போட்டான்?"

"மச்சான், அத மட்டும் தொடாதீய. கேப்டன் அதுல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காவ."

"ஏனாம்?"

"கக்கூஸு கடல் மட்டத்துக்குக் கீழ இருக்கு மச்சான். குழாய் மட்டத்துக்கு மேல ஏறி எறங்கலன்னா கடல் தண்ணி உறிஞ்சிக்கிட்டு உள்ள வந்துருமாம். அந்த மூடி வழியா காத்து போனாத்தான் உறிஞ்சாதாம்."

"உறிஞ்சுமா? கடல் என்ன எளநியா குடிக்கி, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுததுக்கு?"

அவன் துணிய எடுத்து தரையத் தொடைக்க ஆரம்பிச்சிட்டான். அவன் எப்பவுமே அப்படித்தான். வாயில ஒரு கேட் வால்வு மாட்டிருக்கான், யாரும் இன்னும் தொறந்து பாக்கல.

நாத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க, கேளுங்க. ஷவருக்குக் கீழ ஒரு சின்னக் குழி. தண்ணி அதுல வந்து சேந்து, மோட்டார் இழுத்து வெளிய தள்ளணும். அந்தக் குழி மூடிய நெம்பித் தொறந்தேன். உள்ள ஒரு உருண்ட. முடியும் சோப்பும் தேங்காண்ணையும் சேந்து, செத்த எலி மாதிரி கெடக்கு. கையில எடுத்தா நீளமான முடி. யாரு முடி? கேப்டனுக்கு மண்டையில கண்ணாடி பாக்கலாம். மாப்ளக்கு கிராப்பு. படகு வாங்குன புதுசுல டீச்சரம்மா வந்து தலைக்குக் குளிச்சிருக்காவ. அதுக்கப்புறம் ஒருத்தரும் அந்தக் குழியத் தொறக்கல. தன் முடிக்கு மூக்கப் பொத்திக்கிட்டு புருசன்கூட சண்ட புடிச்ச ஒரே பொம்பள அவியதான். நான் சொல்லல. டீச்சர்ட்ட எதுத்துப் பேசி ஏற்கனவே ஒரு தடவ பள்ளிக்கூடத்த விட்டு வந்தாச்சு.

அத எடுத்து வீசி, சூடு தண்ணி ஊத்தி, சோடாப்பொடி போட்டுக் கழுவுனேன். நாத்தம் போயிட்டு. மாப்ள மூக்க அங்கயும் இங்கயும் வச்சுப் பாத்தான். அவன் மூஞ்சி அப்படி சிரிச்சு நான் பாத்ததில்ல.

"போதும் மச்சான். பெரிய புண்ணியம். நீங்க மேல வாங்க, நான் போய் டீ வாங்கிட்டு வாறேன்."

அவன் டீ வாங்கப் போனான். நான் மேல வரல. எப்படி வர முடியும் சொல்லுங்க. கண்ணுக்கு முன்னால ஒரு குழாய் வாட்டமில்லாம மலையேறி நிக்கி. பாத்துட்டு சும்மா போறதுக்கு நான் என்ன அந்த வெள்ளக்காரனா? தலையச் செரச்சுட்டு ஒத்தக் கன்னத்துத் தாடிய விட்டுட்டுப் போற நாசுவன் உண்டா? ஹேக்சா பிளேட எடுத்தேன். ரெண்டு வெட்டு. வளைவு கையோட வந்துட்டு, கலசத்தோட. கக்கூஸ்ல இருந்து ஓட்டைக்கு நேரா ஒரு ஹோஸப் போட்டு, ரெண்டு பக்கமும் கிளிப்ப முறுக்கி, வாட்டம் குடுத்தேன் பாருங்க. ஒரு கோலிக்குண்ட விட்டா தானா உருண்டு கடலுக்குப் போவும்.

மாப்ள டீயோட வந்தான். பாத்தான்.

"மச்சான்..."

"என்ன மச்சான்? ஒரு வாளித் தண்ணி ஊத்து. பம்ப அடி."

ஊத்துனான். அடிச்சான். சர்ருன்னு போச்சு. போனது போனதுதான், திரும்பிப் பாக்கல. "எங்கல கடல் உறிஞ்சுது?"ன்னு கேட்டேன். அவன் குனிஞ்சு, அடிப்பலகையத் தூக்கி, ஓட்டைக்கு மேல உள்ள வால்வ இறுக்கி மூடுனான். வேல முடிஞ்சதும் அத மூடி வைக்கணுமாம், அது ஒரு பழக்கமாம். கடலுக்குப் பூட்டுப் போடுத ஆளு. நான் அந்த வளைவ சாக்குல போட்டு எடுத்துக்கிட்டேன். பித்தள இருக்குல்லா.

அன்னைக்கு சாயங்காலம் டீச்சரம்மா வந்து மோந்து பாத்துட்டு, "ஐகோர்ட்டு, நீ மந்திரவாதிப்பா"ன்னாவ. என் வாழ்க்கையில ஒரு டீச்சர் என்னப் பாராட்டுன நாளு. சுயம்புகனி சாளக் கொழம்பு வச்சு, எலையில மொத மீன எனக்கு வச்சா. சுண்டக்கா எம்மடியில உக்காந்து எங்கையிலதான் சோறு வாங்குனா. அப்பயே சுயம்புகனி சொன்னா, "காதுகுத்துக்கும் இந்த மடிதான்." சொன்னவ அவ. நான் கேட்டு வாங்கல.

டிக்கெட்டா? எடுத்தாச்சு தம்பி, கோயில் விலக்கு. ஒரு தடவதான் எடுக்க முடியும்.

அந்த ஞாயித்துக்கெழம வெள்ளோட்டம். கேப்டனும் டீச்சரம்மாவும் மாப்ளயும். டீச்சரம்மா, "ஐகோர்ட்டும் வரட்டும்"ன்னாவ. நானும் ஏறிட்டேன். கரைய விட்டுப் போற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பாய விரிச்சாவ. காத்து வந்து அடிச்சுது. படகு ஒரு பக்கமா சாஞ்சுது. நான் பதறிப் போய், "கேப்டன் சார், படகு சாயுது!"ன்னேன். அவரு சிரிக்காரு. "அப்படித்தான்பா போவும்"ங்காரு. சாஞ்சுக்கிட்டே போறதுக்கு ஒரு வண்டி, அத ஓட்டுறதுக்கு ஒரு படிப்பு.

டீச்சரம்மா கக்கூஸுக்குப் போனாவ. மாப்ள உள்ள போய் வால்வத் தொறந்து விட்டுட்டு மேல வந்தான். அவிய முடிச்சு, பம்பு அடிச்சிட்டு வந்து, டப்பாவுல இருந்து முறுக்கெடுத்து எல்லாருக்கும் குடுத்தாவ. மாப்ள வால்வ மூட எந்திரிச்சான். "மொதல்ல முறுக்கச் சாப்பிடு மாப்ள, கடல் எங்கயும் போயிராது"ன்னு நாந்தான் உக்கார வச்சேன். கொஞ்ச நேரத்துல கீழ இருந்து ஒரு சத்தம். களக் களக்னு. டீச்சரம்மா எட்டிப் பாத்துட்டு, "மோத்தா, கீழ தண்ணி"ன்னாவ.

எல்லாத்துக்கும் முன்னாடி ஓடுனது யாருங்கீய? நாந்தான். என் வேலைல்லா.

போய்ப் பாத்தா, யாருமே தண்ணி ஊத்தல, கக்கூஸ் பீங்கான் தானா நெறஞ்சு வழியுது. தண்ணி சும்மா ஊறுது, ஊத்து மாதிரி. தரையில கணுக்கால் தண்ணி. டீச்சரம்மா செருப்பு ஒண்ணு முறுக்கு டப்பா மூடிய தொரத்திக்கிட்டு மெதக்குது. நான் பாத்தவொடன கண்டுபுடிச்சேன். அடைப்பு. கீழ அடைச்சா மேல வழியும், இது பச்சப் புள்ளைக்கும் தெரியும். "பம்பு சரியா அடிக்கலயா டீச்சர்?"ன்னு கேட்டேன். கேக்கணும்லா. அடைப்பு எடுக்கிற ரப்பர் கட்டைய வச்சு நாலு குத்து. குத்தக் குத்த ஏறுது. நானும் விடல. எனக்குன்னு ஒரு தொழில் மானம் இருக்குல்ல. நான் ஒரு குத்து குத்துனா, அது ஒரு குத்து திருப்பிக் குத்துது. எங்கூட மல்லுக்கு நின்ன மொத கக்கூஸ் அதுதான்.

அப்பொறம் கம்பிய விட்டேன். உள்ள ஏதோ கொழகொழன்னு தடுக்குது. சிக்குனியா மவனேன்னு கொக்கி போட்டு ஒரே இழுப்பு. ஒரு ரப்பர் வந்துச்சு, நாக்கு மாதிரி. அதுதான் அடைச்சிக்கிட்டு இருந்திருக்கு. அத எடுத்த பொறவு பாக்கணுமே, தண்ணி ஒரு தடையில்லாம ப்ரீயா ஓடுது.

எங்கிட்டா? உள்ளதான். உள்ளதான் வந்துச்சு. அதச் சொல்லிட்டுத்தான வாறேன்.

கேப்டன் மேல இருந்து கத்துறாரு. பாய எறக்குறாரு. மாப்ள எங்கிருந்து வந்தான்னு தெரியல, என்னத் தள்ளிட்டு, முட்டளவு தண்ணியில முங்கி, அடிப்பலகையத் தடவித் தூக்கி, தலைய உள்ள விட்டு வால்வத் திருகுறான். மூச்செடுக்க வெளிய வந்தான், மறுபடி உள்ள போனான். எந்திரிச்சப்போ மூக்குலயும் வாயிலயும் தண்ணி. என்ன தண்ணின்னு நான் சொல்லல, நீங்க முறுக்கு கிறுக்கு சாப்பிட்டுட்டு வந்திருப்பீய. ஆனா தண்ணி நின்னு போச்சு. அதையும் சொல்லணும்ல.

டீச்சரம்மா முழங்கால் நனஞ்சு, கட்டில் மேல ஏறி உக்காந்து, ஜெபமால சொல்லுதாவ. கேப்டன் எறங்கி வந்தாரு. நேரா போயி பின்பலகையத் தொறந்தாரு. பாத்தாரு. திரும்பி, சத்தம் போடாமக் கேட்டாரு: "இங்க இருந்த வளைவு எங்க? யாரு வெட்டுனது?"

நான் வாயத் தொறந்தேன் அண்ணாச்சி. சத்தியமாத் தொறந்தேன்.

அதுக்குள்ள மாப்ள, "நாந்தான் சார்"ன்னுட்டான்.

நான் என்ன செய்ய? ஒருத்தரு பேசிட்டு இருக்கும்போது குறுக்க பேசுனா அது மரியாதயா? அவனே நாந்தான்னு சொல்லும்போது, 'இல்ல, அவன் பொய் சொல்லுதான்'னு ஒரு மாப்ளய முதலாளி முன்னாடி காட்டிக் குடுக்கணுமா? எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல.

"அந்த வளைவ என்ன செஞ்ச?"

"கடல்ல போட்டுட்டேன் சார்."

கேட்டீயளா பொய்ய! எங்க வீட்டுப் பரண்ல இருக்கு, அவன் கடல்ல போட்டுட்டானாம். வாயத் தொறக்காதவன் தொறந்தா இப்படித்தான்.

கேப்டன் சொன்னாரு, "உன்ன நம்பித்தானடே எம்பொண்டாட்டிய இதுல ஏத்துனேன்." அதுக்கு இவன் குனிஞ்சுக்கிட்டு நிக்கான். அப்பொறம் எல்லாருமா வாளியில மொண்டு மொண்டு ஊத்துனோம். நானும் ஊத்துனேன். கரைக்கு வந்ததும் கேப்டன் எங்கையப் புடிச்சி, "நீ இருந்தது பெரிய ஒதவிப்பா"ன்னாரு. நன்றி தெரிஞ்ச மனுசன். மாப்ளய நாளையில இருந்து வரவேண்டாம்னுட்டாரு.

அப்பொறம் என்ன, ஐஸ் பேக்டரிதான்.

நான் கேக்கேன், இதுல என் தப்பு எங்க வருது? வாட்டம் தப்பா? வாட்டம் எங்கயும் தப்பில்ல. தண்ணி ஓடத்தான செஞ்சுது? அது எந்தப் பக்கம் ஓடுதுங்கிறது கடலுக்கும் படகுக்கும் உள்ள பிரச்சன. கடல் கீழ இருக்கணும், வீடு மேல இருக்கணும். ஆண்டவன் அப்படித்தான் வச்சிருக்கான். கடலுக்குக் கீழ கொண்டு போய் கக்கூஸ் கட்டுனவன விட்டுட்டு, நேரா குழாய் போட்டவனக் குத்தம் சொன்னா எப்படி?

சுயம்புகனிக்கு மாப்ள ஒண்ணும் சொல்லல. ஆனா அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. வந்தா. வாசப்படி ஏறல, தெருவுலயே நின்னா. "எம்புருசனுக்கு தேங்கா ஒடைக்கவே ரெண்டு தடவ குறி வைக்கணும். அவரு ஹேக்சா புடிச்சி குழாய வெட்டுனாரா?" நான் சொன்னேன், "அவன்தான சொல்லிருக்கான்." அவ என்னப் பாத்தா பாருங்க. அழுதாலும் பரவால்ல. சிரிச்சா. எங்கூடப் பொறந்தவல்லா, வாயி எனக்குக் கொறஞ்சதில்ல. சொல்லுதா:

"அண்ணே, கடலுக்கே வாட்டம் குடுத்த ஆளு நீ. உம்மடியும் வாட்டமாத்தான் இருக்கும். எம்புள்ள உருண்டு விழுந்துரும். உம்மடி வேண்டாம்."

தெருவே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். நல்லா சொன்னா, சொல்லுததுக்கு என்ன. அந்தச் சுண்டக்கா அவ தோள்ல இருந்துக்கிட்டு என் பாக்கெட்டப் பாத்து கைய நீட்டுது. இவ திரும்பி நடந்துட்டா.

மடி எங்க வாட்டமா இருக்கு? நீங்களே பாருங்க. இந்தா, சீருத் தாம்பாளத்த மடியில வச்சிருக்கேன், ஒரு எலுமிச்சம்பழம் உருளுதா? பஸ் இந்தக் குலுக்குக் குலுக்குது. உருளல.

இந்தச் சாக்குலயா? கேக்க மறக்கலயே நீங்க. அந்த வளைவுதான். கலசம் இருக்கு பாருங்க, பித்தள. பரண்ல எடத்த அடைக்குது, எம்பொண்டாட்டி தெனமும் பேசுதா. ஏரல்ல ஒரு பழைய இரும்புக் கடை இருக்கு, போற வழியில எறங்கிப் போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல போயிரலாம்னு எடுத்துட்டு வந்தேன்.

புது ஹோஸ் எதுக்கு மாட்டிருக்குன்னு கேக்கீய. வாத்தியாரு வேலைதான ஒங்களுக்கு? நெனச்சேன். சும்மா கெடந்துச்சு, மாட்டுனேன். கிளிப்பும் சும்மா கெடந்துச்சு. துருப்புடிக்காத கிளிப்பு, நல்ல கிளிப்பு. அந்த ரப்பர் நாக்கும் கெடச்சுது, மதுரையில ஒருத்தன்ட்ட சொல்லி வச்சு வாங்குனேன். சாமானுன்னு இருந்தா முழுசா இருக்கணும். பழைய இரும்புக்காரனா இருந்தாலும் அவனுக்கும் ஒரு கண்ணு இருக்குல்ல.

கேப்டன் அதுக்கப்புறம் படக எடுக்கவே இல்லையாம். கரையிலயே கட்டிக் கெடக்கு. அந்த மூடி இங்க எங்கயும் கெடைக்கலையாம், வெளிநாட்டுல இருந்து வரணுமாம். மாப்ள போயி ஒரு தடவ நின்னுருக்கான். "அந்த வளைவ எங்கிருந்தாவது கொண்டா, இருந்த மாதிரியே மாட்டு, அப்பொறம் பேசுவோம்"னு சொல்லி அனுப்பிட்டாராம். ஐஸ் பேக்டரி பக்கத்து டீக்கடையில சொன்னாவ. அவனுக்கு எங்க இருக்குன்னு தெரியாதா? தெரியும். நான் சாக்குல போட்டப்போ டீ கிளாஸப் புடிச்சிக்கிட்டு பக்கத்துலதான நின்னான். ஒரு வார்த்த வந்து கேக்கலாம்ல? கேக்க மாட்டான். கேட்டா எனக்குச் சங்கடமாயிருமாம். மூதி. ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி தோள்பட்ட வெளுத்துப் போயி கெடக்கான், எனக்கு சங்கடமாயிருமேன்னு பாக்கான். இந்த மாதிரி ஆளுங்கள வச்சிக்கிட்டு ஒரு குடும்பம் எப்படி முன்னேறும்?

என்ன, ஏரல் தாண்டிட்டா? எப்போ?

அவ்வளவு நேரம் பஸ்ஸு நின்னுச்சா? பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே போயிட்டு வந்துச்சா? பேச்சுல கவனிக்கல. நீங்க சொல்லிருக்கலாம்ல, வாத்தியாரே! இப்ப இத என்ன செய்ய? திருப்பி வீட்டுக்கா தூக்கிட்டுப் போவ முடியும்? பரண்ல எடமில்ல. சரி, சவத்த விடுங்க, அவன்ட்டயே தள்ளிட்டு வந்துருவோம். 'இந்தா உன் குப்ப, உங்க வீட்டுலயே வச்சிக்கோ'ன்னு. கடல்ல போட்டேன்னானே, கடல்ல இருந்து வந்துட்டுன்னு சொல்லிக்கிடட்டும்.

தம்பி, கோயில் விலக்கு! நிறுத்து, நிறுத்து. ஆளு எறங்கணும்.

அந்தா நிக்கான் பாருங்க. அந்த வேப்ப மரத்துக்குக் கீழ, வெள்ள வேட்டி. அவன்தான் எம்மாப்ள. வேட்டி கட்டத் தெரியுதா பாருங்க, திரச்சீல தொங்குன மாதிரி. தோள்ல மொட்ட போட்டு சந்தனம் தடவி ஒண்ணு உக்காந்திருக்கு பாருங்க, அது சுண்டக்கா. காதப் பாருங்க. இன்னும் குத்தல. மணி பத்தரையாவுது, நல்ல நேரம் முடியப் போவுது, இன்னும் குத்தாம பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கான். இவனுக்கெல்லாம் யாரு புள்ளயக் குடுத்தா.

பக்கத்துல யாரு... சுயம்புகனியா?

அவதான். முதுகக் காட்டிட்டு நிக்கா. பஸ்ஸப் பாக்க மாட்டாளாம். கோயில் இங்கிருந்து எவ்வளவு தூரம் தெரியுமா? மண் ரோடு, ஒரு மர நெழல் கெடயாது. முதுகக் காட்டுறதுக்கு இந்த வெயில்ல இம்புட்டுத் தூரம் நடந்து வரணுமா? அங்கன கோயில்ல நின்னு காட்டுனா ஆவாதா? கோட்டிக்காரி.

அண்ணாச்சி, நான் எறங்கிக்கிடுதேன். தாம்பாளமும் மஞ்சப் பையும் எங்கையில இருக்கு. நீங்க அந்தச் சாக்க மட்டும் சன்னல் வழியா குடுங்க. மெல்ல. அப்படிப் புடிக்காதீய அண்ணாச்சி, திருப்பிப் புடிங்க.

வளைவு மேல பாத்து இருக்கணும்.